வலையில் சிக்கியவரை விடுவிக்க எந்தக் கத்தி வாங்கலாம்?

நிலாவெளியில் இருந்து புறாத்தீவுக்குப் போட் ஓட்டும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "தண்ணிக்குள்ள ஆக்கள் வலையிலயோ கயிற்றிலயோ சிக்கினா உடனே வெட்டிவிட ஒரு சாமான் வேணும். கடையில பெரிய டைவிங் கத்தி ஒண்டு காட்டினாங்கள், விலை கட்டுப்படியாகாது. அதுதான் வாங்க வேணுமா?"

வேண்டாம் தம்பி, விலைக்காக மட்டும் சொல்லவில்லை. வலை சுற்றியவர் பயத்தில் கையும் காலும் அடித்துக்கொண்டிருப்பார், போட் அலையில் ஏறி இறங்கும், உங்கள் கையும் ஈரமாக வழுக்கும், அந்த நேரத்தில் தோலோடு ஒட்டி இறுகிய நூலுக்குக் கீழே கூரான நுனியை நுழைத்தால் நூலுக்கு முதல் அவருடைய தோல்தான் வெட்டுப்படும். ஆட்களை விடுவிக்கும் சாமானுக்கு நுனி மொட்டையாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

என்னைக் கேட்டால் விலை கூடிய ஒன்றுக்குப் பதிலாக மலிவான இரண்டு வாங்குங்கள்.

முதலாவது, அம்புலன்ஸ்காரர் வைத்திருக்கும் பிளாஸ்டிக் பிடி போட்ட வளைந்த கத்தரி. மருத்துவ உபகரணம் விற்கும் கடைகளில் 'ட்ரோமா ஷியர்ஸ்' என்று கேளுங்கள். 7.5 அங்குல நீளமுள்ளது போதும். அதன் கீழ் அலகின் நுனி தட்டையாக உருண்டிருக்கும், அதனால் உடம்போடு சேர்த்து வழுக்கிக்கொண்டு போகும், குத்தாது. உடுப்பு, லைஃப் ஜாக்கெட் பட்டி, வலை, வாகன சீட் பெல்ட் வரைக்கும் வெட்டும். வாங்கும்போது அலகில் நுண்ணிய பல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பல் இல்லாத அலகில் தங்கூசி நூல், அதாவது ஒற்றை இழை நைலோன் நூல், வெட்டுப்படாமல் நழுவிவிடும். தங்கூசி வலைக்குத் தடை இருந்தாலும் அறுந்த துண்டுகள் கடலுக்குள் கிடக்கத்தான் செய்கின்றன, தண்ணீருக்குள் அவை கண்ணுக்கும் தெரியாது.

தடித்த கயிற்றில் கத்தரி திணறும். அதற்கு இரண்டாவது சாமான், பாண் வெட்டும் கத்தி. உண்மையாகத்தான் சொல்கிறேன், நைலோன் கயிற்றை அதன் பல் அறுக்கும் வேகத்தில் மழுங்கல் இல்லாத சாதாரணக் கத்திகூட அறுக்காது. கிரைண்டர் உள்ள வெல்டிங் கடையில் கொடுத்து நுனியை வட்டமாக ராவி எடுங்கள், ராவும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்க்கச் சொல்லுங்கள், சூடேறி நீலம் பாய்ந்தால் உருக்கு இளகிவிடும். பிவிசி பைப் துண்டைச் சூடாக்கித் தட்டையாக நசித்தால் உறையும் ஆயிற்று, அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை போடுங்கள்.

அலகு உடையும் பேப்பர் கத்தியை இந்த வேலைக்கு நம்பாதீர்கள், பக்கவாட்டில் கொஞ்சம் அழுத்தம் பட்டாலே முறிந்துவிடும். துருவே பிடிக்காத டைட்டேனியம், எச்1 உருக்குக் கத்திகள் நல்லவைதான், ஆனால் அந்தக் காசுக்கு இந்த இரண்டையும் பலமுறை மாற்றலாம். 'துருப்பிடிக்காத' என்று எழுதியிருந்தாலும் மலிவான உருக்கு உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கும், கத்தரியில் ஆணி இருக்கும் இடம்தான் முதலில் இறுகும். கடலால் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுக்கும்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பெட்டிக்குள் பூட்டி வைத்தால் ஆபத்து நேரத்தில் கைக்கு வராது. கத்தரி உங்கள் லைஃப் ஜாக்கெட்டின் மார்புப் பக்கம் இருக்கட்டும், எந்தக் கை சிக்கினாலும் மற்றக் கைக்கு எட்டும். காலில் கட்டினால் அதுவே வலையில் மாட்டும். பழைய வலைத் துண்டை நனைத்து ஒரு கையால் வெட்டிப் பழகுங்கள், இடக்கையாலும்தான்.

வெட்டுகிற நேரத்தில் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். பிறகு சிக்கியவர் மிதக்க ஏதாவது கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம்தான் வெட்டு, அதுவும் கழுத்தையும் கையையும் சுற்றியதை முதலில், அலகு எப்போதும் உடம்புக்கு வெளிப்பக்கம் பார்த்தபடி. விறைத்து இழுபடும் கயிறு வெட்டுப்பட்டதும் சாட்டையாகத் திரும்பி அடிக்கும், அதன் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

தூண்டிலில் வரும் உருக்குக் கம்பிக்கு இவை இரண்டும் சரிவராது. ஹார்ட்வெயார் கடையில் ஒரு சைட் கட்டர் வாங்கி அதையும் போட்டில் போட்டுவையுங்கள்.