நம்ம ஆளு கன்ட்ரி பாடப் போயிட்டாரே!

வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் இங்கிலீஷ் பாட்டு பற்றி நாலு வரி எழுதினதற்கு வட சென்னையிலிருந்து மட்டும் இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. முக்கால்வாசிக் கடிதத்தில் ஒரே விஷயம். பிடித்த பாடகர் கன்ட்ரி என்கிற அமெரிக்கப் பாட்டு வகைப் பக்கம் திரும்பிவிட்டார், மனசு ஆறவில்லை, என்ன செய்வது? இந்த வாரம் முழுக்க அதையே பேசிவிடலாம். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

அண்ணே, பள்ளிக்கூட நாளிலிருந்து நான் அமெரிக்க ராப் பாடகர் போஸ்ட் மலோன் ரசிகன். பரீட்சையில் கோட்டை விட்டு வீட்டில் யாரும் என்னிடம் பேசாத நேரத்தில், மொட்டை மாடியில் ஹெட்போனோடு உட்கார்ந்து அவர் பாட்டைக் கேட்டுத்தான் தேறினேன். இப்போது தொப்பியும் பூட்ஸுமாகக் கன்ட்ரி பாடுகிறார். எங்கள் செட்டில் நாலு பேர் அவரை விட்டே விட்டார்கள். எனக்கும் ஏமாற்றிவிட்ட மாதிரி இருக்கிறது. நான் இப்படி நினைப்பது தப்பா?
- கல்லூரி மாணவர், வியாசர்பாடி

தப்பே இல்லை தம்பி. 'அவர் எதைப் பாடினால் உனக்கென்ன' என்று கேட்பவர்கள் அந்த மொட்டை மாடியில் உட்கார்ந்ததில்லை. வீட்டில் சொல்ல முடியாததை ஒரு குரல் உங்களுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது அது வேறு யாரிடமோ பேசுகிற மாதிரி இருக்கிறது, வலிக்கத்தான் செய்யும்.

ஆனால் 'ஏமாற்றிவிட்டார்' என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1995-ல் நியூயார்க் மாநிலத்து சிராக்யூஸில் பிறந்து, சின்ன வயதிலேயே டெக்சாஸில் டல்லஸ் பக்கத்து கிரேப்வைனுக்குக் குடிவந்தவர் அவர். அந்தப் பக்கம் கன்ட்ரியை யாரும் தேடிப் போய்க் கேட்க வேண்டாம், நமக்கு டீக்கடையில் ராஜா பாட்டு மாதிரி தானாகக் காதில் விழும். முதல் பாட்டு ஹிட்டான 2015-லேயே, முப்பது வயசானதும் கன்ட்ரி பாடப் போய்விடுவேன் என்று ட்விட்டரில் எழுதி வைத்தார். 2021-ல் டெக்சாஸ் நிவாரணத்துக்காக நடந்த ஆன்லைன் கச்சேரியில் அவர் பாடினதும் கன்ட்ரி பாட்டுகள்தான். 'எஃப்-1 ட்ரில்லியன்' ஆல்பம் வந்த 2024 ஆகஸ்டில் அவருக்கு வயது 29. சொன்ன கெடுவுக்கு முன்னாலேயே வந்து நிற்கிறார், நாம்தான் அவர் சொன்னதைக் கவனிக்கவில்லை.

எனக்கும் அந்த ஆல்பத்தில் ஒரு குறை உண்டு. 18 பாட்டு, கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் பக்கத்தில் ஒருத்தர் நிற்கிறார். டாலி பார்ட்டன், டிம் மெக்ரா, லூக் கோம்ப்ஸ், கிறிஸ் ஸ்டேப்பிள்டன் என்று கன்ட்ரி ஊரே வந்திருக்கிறது, நம்ம ஆள் தனியாக வாய் திறக்கவே இடமில்லை. புது மாப்பிள்ளையைச் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்ட மாதிரி. ஆனால் கையோடு 'லாங் பெட்' என்ற பெயரில் இன்னும் 9 பாட்டு சேர்த்து இன்னொரு பதிப்பு வந்தது, அந்த ஒன்பதிலும் அவர் குரல் தனியாக நிற்கிறது. முதலில் அதைக் கேளுங்கள்.

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அவர் ஒரு வார்த்தையை இழுத்து முடிக்கும்போது குரல் நடுங்கும் இல்லையா, ராப் நாட்களில், குரலின் சுருதியைத் திருத்துகிற ஆட்டோட்யூனுக்குள்ளிருந்தும் கேட்ட அதே நடுக்கம், அது இங்கேயும் அப்படியே இருக்கிறது. இப்போது அதற்குத் துணையாக பெடல் ஸ்டீல் வருகிறது. பெயர் கிதார் என்றாலும் பார்க்க நாலு கால் வைத்த சின்ன மேசை மாதிரி இருக்கும். வாசிப்பவர் அதன் முன்னால் உட்கார்ந்து, இடது கையில் ஒரு இரும்புத் துண்டைக் கம்பிகள் மேல் வழுக்கிக்கொண்டே வலது கையால் மீட்டுவார், காலடியில் பெடல்கள், முழங்காலுக்கு இரண்டு பக்கமும் லீவர்கள். ஒரு பெடலை மிதித்தால் ஒன்றிரண்டு கம்பிகள் மட்டும் மெதுவாக இழுபட்டு சுருதி ஏறும், மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும். நாலு பேர் சும்மா உட்கார்ந்திருக்க ஒருத்தருக்கு மட்டும் தொண்டை அடைத்துக்கொண்டு வருவதைப் போல ஒரு சத்தம் அது. சாவு வீட்டில் ராத்திரி ரெண்டு மணிக்கு, டோலக்கு அடங்கின பிறகு கானா பாடுகிறவர் 'அம்மா' என்று இழுப்பாரே, அதைக் கேட்டு வளர்ந்த வியாசர்பாடிக் காதுக்கு இது அந்நியமாகவே படாது.

மூன்று தடவை கேட்டும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், அதுவும் சரிதான். பழைய பாட்டு உங்கள் போனிலேயேதான் இருக்கிறது.

கன்ட்ரி என்பது அவர்கள் ஊர் நாட்டுப்புறப் பாட்டுதானே?
- காசிமேடு

வேர் அதுதான். ஆனால் ஆரம்பத்திலேயே ரிக்கார்டு கம்பெனி கைபட்ட இசை அது. 1927-ல் டென்னசியில் பிரிஸ்டல் என்ற ஊரில் ஒரு கம்பெனிக்காரர் மெஷினோடு வந்து உட்கார்ந்து, அக்கம்பக்கத்துப் பாடகர்களை வரவழைத்துப் பதிவு செய்தார். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் அங்கே கிடைத்தவர்கள்தான். ஊர்ப்பாட்டும் வியாபாரமும் சேர்ந்து பிறந்த குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பியான்சே ரசிகை. 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பம் எனக்கு உயிர். என் தம்பியோ, கறுப்பினப் பெண்ணுக்குக் கன்ட்ரி எதற்கு, அது வெள்ளைக்காரர்கள் பாட்டு, அவர் தன் பாட்டைப் பாடட்டும் என்கிறான். வீட்டில் ரெண்டு நாளாகச் சண்டை. அவனுக்கு என்ன பதில் சொல்ல?
- ராயபுரம்

அம்மா, மேலே வியாசர்பாடித் தம்பிக்கு வந்த கோபம் வேறு, உங்கள் தம்பிக்கு வந்திருப்பது வேறு. அது 'என்னை விட்டுப் போய்விட்டாயே' என்ற கோபம், அதை உட்கார வைத்துப் பேசலாம். உங்கள் தம்பியுடையது 'நீ ஏன் இங்கே வந்தாய்' என்பது. வாசலில் நின்று ஆள் பார்த்து விடுகிற வேலை. இதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

முதலில் வீடு யாருடையது என்று பார்ப்போம். கன்ட்ரி என்றதும் நினைவுக்கு வருகிற பேஞ்சோ என்ற கம்பி வாத்தியம், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் தங்கள் ஊர் வாத்தியத்தின் நினைவில் செய்துகொண்டது. கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டு சேகரித்தபோது கூடவே போய் மெட்டுகளை மனசில் பிடித்து வந்தவர் லெஸ்லி ரிடில், அவர் கறுப்பினத்தவர். பின்னால் கன்ட்ரியில் பெரிய பெயர் எடுத்த ஹாங்க் வில்லியம்ஸ் சின்னப் பையனாக இருந்தபோது கிதார் சொல்லிக்கொடுத்த ரூஃபஸ் பெயினும் அப்படித்தான். பாட்டு கலந்தேதான் இருந்தது. 1920-களில் ரிக்கார்டு விற்க வந்த கம்பெனிகள்தான் கறுப்பினத்தவர் பாடினால் ஒரு கேட்டலாக், வெள்ளையர் பாடினால் இன்னொரு கேட்டலாக் என்று பிரித்து வைத்தன. கடைக்காரர் போட்ட கோட்டைச் சாமி போட்ட கோடு மாதிரி உங்கள் தம்பி பேசுகிறார்.

பியான்சே ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்தவர், டெக்சாஸ்காரர். 2016-ல் கன்ட்ரியின் தலைநகரமான நாஷ்வில்லில் நடந்த சி.எம்.ஏ. கன்ட்ரி விருது விழா மேடையில் தன் கன்ட்ரிப் பாட்டு ஒன்றைப் பாடினார், அதற்கு அவ்வளவு வசவு. தன்னை வரவேற்காத ஒரு அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் இந்த ஆல்பம் என்று பின்னால் அவரே எழுதினார். 2024 மார்ச்சில் வந்தபோது அதில் லிண்டா மார்ட்டெலைக் கூப்பிட்டுப் பேச வைத்திருந்தார் பாருங்கள், அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. 1969-ல் நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரியில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண் அவர், ஒரே ஒரு ஆல்பத்தோடு அவர் பாட்டு வாழ்க்கை நின்றுபோனது. ஐம்பத்தைந்து வருஷம் கழித்து ஒருத்தர் நாற்காலி போட்டு, 'அம்மா, இங்கே உட்காருங்கள்' என்கிறார்.

2024-ன் சி.எம்.ஏ. விருதுகளில் பியான்சே பெயர் ஒரு பிரிவில்கூட வரவில்லை. 2025 பிப்ரவரியில் கிராமியில் சிறந்த கன்ட்ரி ஆல்பம், வருடத்தின் சிறந்த ஆல்பம் இரண்டும் அவருக்கே கிடைத்தன. விருதை வைத்துப் பாட்டை எடை போடுகிற ஆள் இல்லை நான், ஆனாலும் அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன்.

தம்பியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். கானாவை 'இதெல்லாம் பாட்டா, குடிசைச் சத்தம்' என்று நம் காதுபடப் பேசியவர்கள் எத்தனை பேர். ராயபுரத்தில் பிறந்த பையனுக்கு அது மறந்திருக்காது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு மேடையேறினபோது, கானாவும் ராப்பும் ராக்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடியபோது, நமக்கு நெஞ்சு நிமிர்ந்ததா இல்லையா? நமக்கு ஒரு நியாயம், ஹூஸ்டன் பெண்ணுக்கு ஒரு நியாயமா?

ஜிம் ரீவ்ஸைக் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது கன்ட்ரி என்ற பெயரில் வருவது எதுவுமே கன்ட்ரி இல்லை. பேரன் காலையிலிருந்து ராத்திரி வரை அதைத்தான் போடுகிறான். உங்கள் கருத்து?
- ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

ஐயா, உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் டிசம்பர் மாதத்துப் பெரம்பூர் கண்ணில் வந்துவிட்டது. நான் டியூஷன் போகிற வழியில் ஒரு ஆங்கிலோ-இந்தியன் வீடு, பச்சைப் பெயின்ட் அடித்த ஜன்னல், உள்ளே கேக் வேகிற வாசனை, ஜிம் ரீவ்ஸின் கிறிஸ்துமஸ் பாட்டு. அர்த்தம் புரியாத வயது. யாரோ பெரியவர் தோளில் கை போட்டுப் பேசுகிற மாதிரி இருக்கும், ஜன்னலுக்கு வெளியே நின்றுவிட்டு டியூஷனுக்கு லேட்டாகப் போவேன்.

ஆனால் அந்தக் குரல் ஆரம்பத்தில் அப்படி இல்லை ஐயா. 1953-ல் 'மெக்சிகன் ஜோ' பாடின ஜிம் ரீவ்ஸ் உரத்த குரலில், துள்ளிப் பாடுகிறவர். 1957-ல் 'ஃபோர் வால்ஸ்' பாட்டுக்கு மைக்கை ஒட்டி நின்று குரலைத் தாழ்த்தினார். அந்தக் காலத்தில்தான் நாஷ்வில்லில் ஃபிடிலையும் ஸ்டீல் கிதாரையும் குறைத்து, வயலின் கூட்டத்தையும் கோரஸையும் கொண்டுவந்தார்கள். 'இது கன்ட்ரியே இல்லை, பட்டணத்துப் பாட்டு' என்று அன்றைக்கும் பழைய ரசிகர்கள் சொன்னார்கள். அந்தப் பட்டணத்துப் பாட்டுதான் பெரம்பூர் ஜன்னல் வரைக்கும் வந்தது. 1964 ஜூலையில், தானே ஓட்டிய சின்ன விமானம் விழுந்து அவர் இறந்தபோது வயது 40தான். இருந்திருந்தால் இன்னும் எங்கெல்லாம் திரும்பியிருப்பாரோ.

உங்கள் காதை நான் குறை சொல்லவில்லை, இப்போது வருவதில் பாதி எனக்கும் ஒரே அச்சாகத்தான் படுகிறது. பேரனோடு ஒரு நாள் உட்கார்ந்து ஜிம்மி ராட்ஜர்ஸைப் போடுங்கள். அவரும் உங்களை மாதிரி ரயில்வேக்காரர், பிரேக்மேனாக வேலை பார்த்தவர், காசநோய் வந்து ரயில் வேலையை விட்டுப் பாட்டுக்கு வந்தார். அதில் வருகிற ரயில் சத்தத்தைப் பேரனுக்கு விளக்கிச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார் இருக்கிறார்கள்?

நாங்கள் கானாக் கச்சேரி செட்டு. எங்கள் மெயின் பாடகர் இப்போது கிதார் எடுத்துக்கொண்டு மெதுவான பாட்டாகவே எழுதுகிறார். போன மாதம் ஒரு விசேஷத்தில் நடுவிலேயே 'கானா போடு, கானா போடு' என்று கத்திவிட்டார்கள், அண்ணன் மேடையை விட்டு இறங்கிப் போய் வேன் பின்னால் உட்கார்ந்துவிட்டார். செட்டு உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
- தண்டையார்பேட்டை

தனி கிதாரோடு நாட்டுப்புறப் பாணியில் பாடிப் பேர் வாங்கின அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுக்கு நடந்ததும் இதுதான் தம்பி. 1965-ல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் எலெக்ட்ரிக் கிதாரோடு வந்ததற்குக் கூச்சல். அடுத்த வருஷம் ஊர் ஊராகப் போனபோது முதல் பாதி பழையபடி தனியாக கிதாரும் மவுத் ஆர்கனும், இரண்டாம் பாதி பேண்டோடு புதுசு என்று பிரித்துக் கொடுத்தார். மான்செஸ்டரில் இரண்டாம் பாதியில் ஒருத்தர் அவரைப் பார்த்து 'யூதாஸ்', அதாவது துரோகி, என்று கத்தினார். பாதிக்குப் பாதி பங்கு வைத்தும் கத்தல் நிற்கவில்லை. அவரும் நிற்கவில்லை, 1969-ல் நாஷ்வில் போய்க் குரலையே மாற்றிக் கன்ட்ரி ஆல்பம் கொடுத்தார்.

உங்கள் அண்ணனுக்கு அந்த மாதிரி கூட்டத்தை எதிர்த்து நிற்கிற வசதி கிடையாது, விசேஷ வீட்டுக்காரர் காசு கொடுத்துக் கூப்பிட்டது கானாவுக்கு, அதையும் பார்க்க வேண்டும். அதனால் கத்தினவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒன்று செய்து பாருங்கள். அண்ணன் மெதுவாகப் பாடும்போது நீங்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறீர்களா? அப்படி நின்றால் செட்டே அவரைக் கைவிட்ட மாதிரிதான் கீழே இருப்பவர்களுக்குத் தெரியும். டோலக்கு அடிக்கிறவர் அந்தப் பாட்டின் இரண்டாவது சரணத்திலிருந்து விரலால் மட்டும், ரொம்ப லேசாக, நம்ம கானா நடையைப் பிடிக்கட்டும். கச்சேரிக்கு ஒரு பாட்டு போதும், அதுவும் கூட்டம் ஆடிக் களைத்து உட்கார்ந்த நேரத்தில். முதல் ஒத்திகையை மேடையில் வைக்காதீர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டு மாடியிலாவது உட்காருங்கள், அண்ணனை நீங்களே போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள்.