மழுங்கின போல்ட்: சேலம், ஏற்காடு வாசகர்கள் கேட்டவை

ஏற்காடு ஏறும்போது பாதி வழியில், கொண்டை ஊசி வளைவு ஓரத்தில் பஞ்சர். வேகன் ஆர். மூன்று நட் கழன்றுவிட்டது, நான்காவது வழுக்குகிறது. (அஸ்தம்பட்டி வாசகர்)

கழற்றிய மூன்றையும் முதலில் திரும்ப மாட்டி இறுக்குங்கள். பாரம் முழுக்க ஒரே நட்டில் நின்றால் அது இன்னும் பிடித்துக்கொள்ளும். ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் நிற்க, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்னால் கல்லும் வைத்துவிட்டுத்தான் திருக வேண்டும். அது மலைச்சாலை என்பது நினைவிருக்கட்டும்.

நட்டைத் திருகும் பாக்ஸ் ஸ்பேனர் மாருதிக்கு 19 எம்எம், ஹூண்டாய்க்கு 21. அளவு சரியாக இருந்தாலும் பன்னிரண்டு முனை பாக்ஸ் வேண்டாம், அது மூலையை மட்டும் பிடிக்கும். ஆறு முனை பாக்ஸ் பக்கத்தைப் பிடிக்கும். அதுவும் வழுக்கினால் 18 எம்எம் பாக்ஸைச் சுத்தியலால் அடித்து ஏற்றி, நீள கைப்பிடி போட்டுத் திருப்புங்கள். நட் போகும், பாக்ஸும் போகலாம், போகட்டும். காற்று மெதுவாக இறங்கும் டியூப்லெஸ் டயர் என்றால் காற்றடித்துக்கொண்டு அடிவாரம் வந்துவிடுவதே புத்தி. இந்த வம்புக்குப் பெரும்பாலும் காரணம் ஏர் கன் (காற்றழுத்தத்தில் நட் முடுக்கும் கருவி) வைத்து அளவில்லாமல் இறுக்குவதுதான்.

ஆயில் மாற்றப் போய் சம்ப் போல்ட் (இன்ஜின் அடியில் ஆயிலை வடிக்கும் போல்ட்) தலை உருண்டையாகிவிட்டது. வெல்டிங் வைக்கலாமா? (கொண்டலாம்பட்டி)

உள்ளே ஆயில் இருக்கும்போது வெல்டிங்கா? வேண்டவே வேண்டாம். இன்ஜினைக் கொஞ்சம் சூடேற்றி, ஒரு சைஸ் சின்ன ஆறு முனை பாக்ஸை அடித்து ஏற்றுங்கள். முடியாவிட்டால் வைஸ் கிரிப்பை (பூட்டிக்கொள்ளும் குறடு) பல் பதிய இறுக்கிப் பிடித்துத் திருப்பலாம். கடைசி வழி உளி: தலையின் ஓரத்தில் ஒரு வெட்டு போட்டு, இடப்பக்கச் சுற்றுக்குத் தட்டித் தட்டி நகர்த்துவது. வந்ததும் புது போல்ட், புது வாஷர். சம்ப் அலுமினியம் என்றால் மரை சீக்கிரம் போய்விடும், அதனால் ஸ்பேனர் கைப்பிடியில் பைப் செருகி இறுக்காதீர்கள்.

எஸ்டேட் ஜீப். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட் (புகைக்குழாயை இன்ஜினோடு பிடிக்கும் தலையில்லாத போல்ட்) உடைந்து இன்ஜின் ஹெட்டுக்குச் சமமாக நிற்கிறது. ஈஸி அவுட் (உடைந்த போல்ட்டில் துளை போட்டுச் செருகி, இடச்சுற்றாகத் திருப்பி எடுக்கும் கருவி) வாங்கலாமா? (ஏற்காடு)

இதற்குத்தான் நிறைய எழுத ஆசை. மலையில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் இரும்பு துருவாகவே வாழும். எக்ஸாஸ்ட் சூடு அந்தத் துருவை மரைக்குள் வைத்துச் சுட்டுவிடுகிறது. வெறும் முறுக்கு விசைக்கு அது மசியாது.

என் வரிசை வேறு. முந்தின நாள் சாயங்காலமே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். மறுநாள் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, உடைந்த ஸ்டட் மேல் ஒரு நட்டை வைத்து, நடுத்துளை வழியாக வெல்டிங் நிரப்பச் சொல்லுங்கள். பாதி வேலையை வெல்டிங் சூடே செய்துவிடும். சிவப்பு தணிந்ததும் மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் தேயுங்கள், உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று ஆட்டுங்கள். ஒரே பக்கமாக முறுக்காதீர்கள். நட் பிய்த்துக்கொண்டு வந்தால் இன்னொன்று வையுங்கள். ஒரு ஸ்டட்டுக்கு நான்கு நட் வரை செலவழித்திருக்கிறேன்.

ஈஸி அவுட் எனக்குப் பிடிக்காது. இளம் வயதில் ஒரு ஹெட்டில் அது உள்ளேயே ஒடிந்தது. அது கடின எஃகு, சாதாரண டிரில் பிட் அதன்மேல் வெறுமனே சுழலும். ஒரு மணி நேர வேலைக்காக ஹெட்டையே இறக்கி லேத் பட்டறைக்குத் தூக்கிப் போனேன். துளைதான் போட வேண்டும் என்றால் சென்டர் பஞ்ச் (துளைக்கும் முன் குழி போடும் ஆணி) சரியாக நடுவில் விழ வேண்டும், இடச்சுற்று டிரில் பிட் வாங்குங்கள். பல நேரம் துளைக்கும்போதே ஸ்டட் கழன்று வந்துவிடும்.

பிரேக் பிளீடர் நிப்பிள் (பிரேக் ஆயிலிலிருந்து காற்றை வெளியேற்றும் திருகு) வழுக்குகிறது. கேஸ் டார்ச் நெருப்பு காட்டலாமா? (ஓமலூர்)

கூடாது. உள்ளே ரப்பர் சீல், பிரேக் ஆயில் எல்லாம் இருக்கின்றன. எண்ணெய் விட்டு, நிப்பிளைச் சுற்றிச் சின்னத் தட்டு தட்டி, ஆறு முனை பாக்ஸ் போடுங்கள். அடங்காவிட்டால் முறித்துப் பார்க்காமல் காலிப்பரை (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

ஆலன் போல்ட் உள்துளை வட்டமாகிவிட்டது. (செவ்வாய்ப்பேட்டை)

கொஞ்சம் பெரிய டார்க்ஸ் பிட்டை (நட்சத்திர முனை கொண்டது) அடித்து இறக்கித் திருப்புங்கள். அநேகமாக வந்துவிடும்.

மண்ணெண்ணெய் போதாதா? டபிள்யூடி-40 ஸ்ப்ரே எதற்கு? (அம்மாபேட்டை)

லேசான துருவுக்கு மண்ணெண்ணெய் போதும். கெட்டியான துருவுக்கு அசிட்டோனையும் ஆட்டோமேடிக் கியர் ஆயிலையும் சம அளவில் கலந்து விடுகிற பழக்கம் பட்டறைகளில் உண்டு, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும், பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் அரிக்கும். அதை விட்ட இடத்தில் உடனே நெருப்பு காட்டாதீர்கள்.

புது போல்ட் போடும்போது கிரீஸ் தடவலாமா? (அதே வாசகர்)

எக்ஸாஸ்ட்டுக்குச் செம்பு கலந்த பேஸ்ட் தடவுங்கள், அடுத்த தடவை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார். வீல் நட்டுக்கு மட்டும் வேண்டாம். மரையில் எண்ணெய் இருந்தால், அதே இறுக்கத்தில் ஸ்டட் கூடுதலாக இழுபடும்.