சாலைக்காக மதிலை இடித்துவிட்டார்கள்: அரசு மீது வழக்குப் போடும் முன் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: எங்கள் வீடு மாநில நெடுஞ்சாலையை ஒட்டியது. எனக்கும் தம்பிக்கும் கூட்டுப் பட்டா. பத்து மாதத்துக்கு முன் சாலையை அகலப்படுத்தியபோது, எந்த அறிவிப்பும் தராமல் மதில் சுவரை இடித்து, எங்கள் இடத்தில் ஆறடி அகலத்துக்கு ஜல்லி கொட்டிவிட்டார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். ரசீது இருக்கிறது, பதில் இல்லை. உதவிக் கோட்டப் பொறியாளர் மீது நேரடியாக வழக்குப் போடலாமா?

பதில்: போகிற போக்கில் போட்டால் பிராது (வழக்கைத் தொடங்கும் மனு) நீதிமன்றத்தில் நம்பர் ஆகாமலேயே திரும்பி வரும். அரசு மீதோ, அலுவல்முறையில் செய்த செயலுக்காக ஓர் அதிகாரி மீதோ சிவில் வழக்குப் போட, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-வது பிரிவின்படி முதலில் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்து, இரண்டு மாதம் பொறுத்திருக்க வேண்டும். குறைதீர் கூட்ட மனுவையே அந்த நோட்டீஸாகக் காட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ‘தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்’ என்று முடிகிற மனுவில் பெரும்பாலும் வழக்கு மூலமும் (வழக்குக்குக் காரணமான நிகழ்வுகள்) தெளிவாக இருக்காது, என்ன பரிகாரம் என்பதும் இருக்காது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், பின்னால் சான்றாவணமாகும்.

நோட்டீஸ் யாருக்கு என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மாநில அரசுக்கான நோட்டீஸ் அரசுச் செயலாளருக்கு அல்லது மாவட்ட ஆட்சியருக்குப் போக வேண்டும். பொறியாளரையும் எதிர்வாதியாகச் சேர்ப்பதானால் அவருக்குத் தனியாக ஒன்று. அவருக்கு மட்டும் அனுப்பினால் அது அரசுக்குக் கொடுத்ததாக ஆகாது. அரசை விட்டுவிட்டு அதிகாரி மீது மட்டும் போகவும் முடியாது. அலுவல்முறைச் செயலுக்கான வழக்கில் அரசையும் சேர்க்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 27-வது கட்டளையின் 5ஏ விதி. பிராதில் முதல் எதிர்வாதி ‘தமிழ்நாடு அரசு, மாவட்ட ஆட்சியர் மூலமாக’ என்றிருக்கட்டும். வெறுமனே ‘மாவட்ட ஆட்சியர்’ என்று போட்டால் அரசு வழக்கில் ஒரு தரப்பாகவே இல்லை என்ற வாதம் வரும்.

சாலை யாருடையது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். மத்திய அரசு சம்பந்தப்பட்டதென்றால் அந்த அரசின் செயலாளருக்கு. ரயில்வே என்றால் அந்த ரயில்வேயின் பொது மேலாளருக்கு. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி போன்றவை 80-வது பிரிவு சொல்லும் ‘அரசு’ அல்ல. அவற்றுக்கு அந்தந்தச் சட்டத்தில் உள்ள நோட்டீஸ் விதியைத்தான் பார்க்க வேண்டும்.

நோட்டீஸில் உங்கள் பெயர், விவரம், குடியிருக்கும் முகவரி, வழக்கு மூலம், கேட்கும் பரிகாரம் ஆகியவை கட்டாயம். பட்டா கூட்டாக இருப்பதால் தம்பியின் பெயரும் முகவரியும் சேர வேண்டும். நோட்டீஸில் இல்லாதவர் பிற்பாடு வாதியாக வந்தால் அங்கேயே ஆட்சேபம் எழும். சர்வே எண், இடித்த தேதி, சுவரின் நீளம் உயரம், ஜல்லி கொட்டிய பரப்பு எல்லாம் அளவோடு எழுதுங்கள். பரிகாரத்தை ‘உரிய இழப்பீடு’ என்று மழுப்பாமல், சுவருக்கு இவ்வளவு, நிலத்தின் சுவாதீனத்தை (கைவசத்தை) திருப்பித் தர வேண்டும், இனி நுழையக்கூடாது என்று பிரித்துச் சொல்லுங்கள். சின்னச் சின்னப் பிழைக்காக வழக்கைத் தள்ளக்கூடாது என்று 80(3) காப்பாற்றும். ஆனால் கேட்காத பரிகாரத்தை அது நோட்டீஸில் எழுதிக் கொடுக்காது.

அடுத்தது நாள் கணக்கு. இரண்டு மாதம் நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து ஓடும், அனுப்பிய நாளிலிருந்து அல்ல. அது காலண்டர் மாதம். 60 நாள் அல்ல. ஜூன் 3-ல் சேர்ந்தால் ஆகஸ்ட் 3 முடிய வேண்டும், 4-ஆம் தேதிதான் பிராது. 60 நாள் என்று எண்ணியவர் ஆகஸ்ட் 3-ஆம் தேதியே தாக்கல் செய்து ஒரு நாளில் தோற்பார். கெடு முடியுமுன் போட்ட வழக்கு நிற்காது என்று பிகாரி சௌத்ரி வழக்கில் 1984-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் நோட்டீஸை நேரில் கொண்டுபோய்த் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கூடவே ஒப்புகையுடன் தபாலிலும் அனுப்பலாம்.

உங்களுக்கு அவசரம் வேறு காரணத்தால். அத்துமீறி நுழைந்ததற்கான இழப்பீட்டுக்குக் காலவரையறை மூன்று ஆண்டு. ஆனால் ஒரு சட்டத்தின் கீழ் செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கான இழப்பீட்டுக்கு, காலவரையறைச் சட்டத்தின் 72-வது இனப்படி ஓராண்டுதான். ‘நெடுஞ்சாலைச் சட்டப்படி ஆக்கிரமிப்பை அகற்றினோம்’ என்று துறை சொல்லும், அந்த ஓராண்டைப் பிடித்துக்கொள்ளும். பத்து மாதம் ஓடிவிட்டது. இந்த வாரமே நோட்டீஸ் சேர்ந்தால், அதே காலவரையறைச் சட்டத்தின் 15(2) பிரிவின்படி நோட்டீஸுக்கான இரண்டு மாதம் கணக்கில் கழிந்துவிடும்; அதன்பின் ஏறத்தாழ இரண்டு மாதம் கையில் இருக்கும். ஓராண்டு தாண்டியபின் கொடுக்கும் நோட்டீஸ் செத்த கெடுவை எழுப்பாது. நிலத்தின் சுவாதீனத்துக்கு 12 ஆண்டு இருப்பதால் அதில் இவ்வளவு பதற்றம் வேண்டாம்.

இதற்கிடையில் அந்த ஆறடியில் வடிகால் கட்ட ஆரம்பித்தால் காத்திருக்கத் தேவையில்லை. 80(2)-ன் கீழ் நீதிமன்ற அனுமதி கேட்கும் மனுவோடு பிராதைத் தாக்கல் செய்யலாம். அரசுத் தரப்பைக் கேட்காமல் மட்டும் தடையுத்தரவு கிடைக்காது. அவசரம் இல்லை என்று நீதிமன்றம் கருதினால் பிராதைத் திருப்பித் தந்து, நோட்டீஸ் கொடுத்துவிட்டு வரச் சொல்லும்.

உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசின் செயலை எதிர்த்து நேரடியாகப் போடும் மனு) போட்டால் இந்த நோட்டீஸே வேண்டாம் என்பது சரிதான். எல்லை எங்கே என்பதில் தகராறு இல்லாவிட்டால் அது நல்ல வழி. ‘உங்கள் சுவர்தான் சாலைப் புறம்போக்கில் இருந்தது’ என்று துறை சொன்னால், சாட்சியம் எடுக்க வேண்டிய விஷயம் என்று சிவில் நீதிமன்றத்துக்கே அனுப்பிவிட வாய்ப்பு அதிகம்.

80-வது பிரிவு நோட்டீஸ்களுக்குப் பதில் தர அதிகாரியை நியமிக்கும்படி, சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் அரசுகளுக்கு உத்தரவிட்டது. நடைமுறையில் பதில் வருவது அபூர்வம். அதை எதிர்பார்த்துச் சும்மா இருக்காமல், அந்த இரண்டு மாதத்தில் புலப்பட (உங்கள் சர்வே எண்ணின் அளவு வரைபடம்) நகல் வாங்கி நில அளவைக்கு விண்ணப்பியுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, இடிப்புக்கான உத்தரவு நகலையும் நில எடுப்பு அறிவிப்பு ஏதும் உண்டா என்பதையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பிராது எழுதும்போது, நோட்டீஸ் இன்ன தேதியில் கொடுக்கப்பட்டது என்று ஒரு பத்தி கட்டாயம் இருக்க வேண்டும். முத்திரையிட்ட நகலை அதோடு இணையுங்கள்.