கடலோர மக்களுக்குக் கடல், வானிலைத் தகவல்களை எளிதாகக் கொண்டுசேர்க்க என்ன வழி? செயலி ஒன்று இருந்தால் போதாதா?

போதாதுங்க. நீங்கள் அப்படி ஒரு செயலி செய்துகொண்டிருக்கும் மாணவர் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

காங்கேயத்துக்காரிக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பிழைப்பும் வங்காள விரிகுடாவின் கையில்தான் இருக்கிறது. எங்களுடையது கொப்பரைக் களம். உடைத்த தேங்காயைத் தொட்டியோடு, அதாவது ஓட்டோடு, இரண்டு நாள் வெயிலில் போட்டு, தேங்காய்ப் பருப்பு கழன்றதும் மறுபடி நாலைந்து நாள் காயவைக்க வேண்டும். நடுவில் நனைந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகை. கடலில் தாழ்வு நிலை. கடலோர மாவட்டங்களுக்குக் கனமழை, உள் மாவட்டங்களில் "ஓரிரு இடங்களில் லேசான மழை" என்று முந்தின இரவு டிவியில் சொன்னார்கள். காலையில் களத்துக்கு வேலைக்கு வந்த பாட்டி, "அம்மிணி, காத்து ஒரு மாதிரி இருக்குதுங்க, இன்னிக்கு விரிக்க வேண்டாமுங்க" என்றார். எங்கோ ஓரிரு இடத்தில், அதுவும் லேசாகத்தானே என்று நான் விரிக்கச் சொன்னேன். மூன்று மணிக்கு வந்தது மழை. இருபது நிமிடம்தான். எட்டுப் பேர் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடியும் பாதிக் களம் நனைந்துவிட்டது. ஓட்டத்தில் பாட்டி வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியது. பருப்பு கறுத்ததும் ஆலைக்காரர் கேட்ட விலைக்குத் தள்ளினோம். அந்த நஷ்டம் அடுத்த வருடமே மறந்துவிட்டது. பாட்டியின் கை இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று தேடினேன். "ஓரிரு இடங்கள்" என்றால் ஒரு பகுதியில் மழை அளக்கும் நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகலாம் என்று கணக்கு. நாலில் ஒன்று! நான் நூற்றில் ஒன்று என்று எடுத்துக்கொண்டிருந்தேன். "கனமழை" என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல். வெள்ளம் வருமா என்று பார்க்கிறவருக்கு அந்த அளவு சரி. என் களத்துக்கு 2 மில்லிமீட்டரே போதும், வாரத்து உழைப்பு போய்விடும். வானிலை மையத்தைக் குறை சொல்கிறேன் என்று வராதீர்கள். அவர்கள் சொன்னது சரி. அது என் தொழிலின் அளவில் என்னிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

கோவையில் என்னோடு படித்த தோழிக்குப் புதுச்சேரி வீராம்பட்டினம். அவளிடம் இதைச் சொன்னபோது, "எங்கப்பா மழையப் பத்திக் கேக்கவே மாட்டாருடி. காத்து எந்தப் பக்கம், அலை எத்தனை மீட்டர், இதுதான் கேப்பாரு" என்றாள். அந்தப் பக்கத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, தமிழாக்கி, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 சுனாமியன்று பக்கத்து நல்லவாட்டில், சிங்கப்பூரில் இருந்த ஊர்ப் பையன் போன் செய்ய, மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். அன்று கையில் எந்தச் செயலியும் இல்லை.

செயலியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2017 ஒக்கி புயலின்போது, முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்களிடம் செய்தி போய்ச் சேரவே இல்லை. கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் செல்போன் சிக்னல் போய்விடும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் ஜெமினி கருவி 2019-ல்தான் வந்தது. தகவலுக்குப் பஞ்சமில்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் அலை உயரம், காற்று வேகம், கள்ளக்கடல் (திடீரெனக் கடல் பொங்கிக் கரையேறுவது) எச்சரிக்கை எல்லாம் வெளியிடுகிறது.

  

இப்போது தினமும் காலை ஐந்தரைக்கு, எங்கள் பகுதிக் களத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு நிமிடக் குரல் பதிவு போடுகிறேன். சென்னை வானிலை அறிக்கை, செயற்கைக்கோள் படம், செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலை அறிக்கை எல்லாம் பார்த்துவிட்டு, "இன்னிக்குக் காய் உடைக்க வேண்டாமுங்க", "விரிக்கலாமுங்க, மத்தியானம் தார்ப்பாய் பக்கத்துலயே இருக்கட்டும்" என்று சொல்வேன். நானாக வானிலை கணிப்பதில்லை, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாட்டி முதலில் அதைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறார்.

நீங்களும் திரையை வரைவதற்கு முன் ஒரு மீன் இறங்குதளத்துக்குப் போங்கள். ஃபைபர் படகுக்காரர், விசைப்படகுக்காரர், கரைவலை இழுப்பவர், ஒவ்வொருவரும் எத்தனை மீட்டர் அலைக்கு, எவ்வளவு காற்றுக்குக் கடலுக்குப் போகாமல் நிற்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.