நகரச் சாலைக்கு எந்தச் சைக்கிள் விளக்கு? கேள்வி பதில்

சென்னையில் பதினெட்டு ஆண்டுகளாகச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். விளக்கு பற்றி என்னிடம் கேட்கப்பட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (வேளச்சேரி): அலுவலகம் ஏழு கிலோமீட்டர். வழி நெடுகத் தெருவிளக்கு உண்டு. கையில் பணம் குறைவு. முன்விளக்கா, பின்விளக்கா, எதை முதலில் வாங்குவது?

பதில்: பின்விளக்கை. வெளிச்சமுள்ள சாலையில் பள்ளம் உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும். பின்னால் வருகிற பஸ் ஓட்டுநரின் கண்ணுக்கு நீங்கள் தெரிய வேண்டும், அதுதான் பெரிய காரியம். 30 முதல் 50 லுமென் (விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) சிவப்பு விளக்கு போதும். அடுத்த மாதச் சம்பளத்தில் 200 லுமென் முன்விளக்கு ஒன்று வாங்கிவிடுங்கள். அதுவும் கட்டாயம் வேண்டும். எதிர்த்திசையில் வருபவர்களும் குறுக்குத் தெருவிலிருந்து திரும்புபவர்களும் அதை வைத்துத்தான் உங்களைக் கண்டுகொள்கிறார்கள்.

கேள்வி (ஆவடி): இணையக் கடையில் 10,000 லுமென் விளக்கு மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள் தம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லுமென் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 10,000 லுமெனுக்கு 100 வாட் வேண்டும். அந்த விளக்குக்குள் பெரும்பாலும் 18650 வகை பேட்டரி செல் ஒன்றுதான் இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதில் அடங்குவது ஏறத்தாழ 10 வாட்-மணி மின்சாரம், அதாவது 10 வாட்டில் ஒரு மணி நேரம் எரியும் அளவு. 100 வாட்டில் எரிந்தால் ஆறு நிமிடத்தில் தீர்ந்துபோகும். அதற்கு முன்பே விளக்கு சூட்டில் கெட்டுவிடும். எத்தனை லுமெனில் எத்தனை மணி நேரம் எரியும் என்று அட்டையில் தெளிவாக எழுதியிருக்கும் விளக்கை வாங்குங்கள்.

கேள்வி (திருவொற்றியூர்): மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளில் டியூஷன் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறாள். ஹேண்டில்பாரில் விளக்கு மாட்டிக் கொடுத்தேன். முன்னால் கூடை இருப்பதால் தரையில் கூடையின் நிழல்தான் விழுகிறது.

பதில்: அம்மா, இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. கூடை வைத்த சைக்கிளில் மகளை அனுப்பும் எத்தனையோ வீடுகளில் இதே சிக்கல் இருக்கிறது. விளக்குகளோ கூடையே இல்லாத சைக்கிளை மனத்தில் வைத்துச் செய்யப்படுகின்றன. பலர் கூடைக்கு மேலே வெளிச்சம் போகட்டும் என்று விளக்கை நிமிர்த்திவிடுகிறார்கள். அப்போது தரை இருட்டாகிவிடும். எதிரே வருபவரின் கண்ணும் கூசும். கண் கூசியவருக்கு உங்கள் மகள் தெரியவே மாட்டாள்.

கூடையின் முன்பக்கக் கம்பியில், வெளிப்புறமாக மாட்டுங்கள். கம்பி மெல்லியதாக இருந்தால் பழைய டியூப் துண்டைச் சுற்றி, அதன்மேல் பட்டையை இறுக்குங்கள். முன்சக்கர மட்கார்டில் விளக்குக்கான தகடு பொருத்தித் தரும்படி சைக்கிள் கடையில் கேட்டாலும் சரி.

பிறகு குறி பார்க்க வேண்டும். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளிச் சைக்கிளை நிறுத்துங்கள். சுவரில் வெளிச்சத்தின் நடுப்பகுதி, விளக்கு இருக்கும் உயரத்தில் பாதிக்கு வர வேண்டும். அப்படி வைத்தால் சாலையில் 10 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் விழும். ஜெர்மனியில் சைக்கிள் விளக்கு எதிரில் வருபவரின் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அங்கே அங்கீகாரம் பெற்ற விளக்குகளில் ஒளியின் மேல்விளிம்பு வெட்டினாற்போல் நின்றுவிடும். அத்தகைய விளக்கு கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குங்கள். மகள் தினமும் போகிற வழி அல்லவா?

கேள்வி (மாதவரம்): விடியற்காலையில் பால் ஊற்றப் போகிறேன். கேரியரில் கேன் வைத்தால் பின்விளக்கு மறைந்துவிடுகிறது.

பதில்: சீட்டுக்குக் கீழிருந்து கழற்றிப் பின்சக்கர மட்கார்டின் கீழ்ப்பகுதியில் மாட்டுங்கள் ஐயா. கேனின் பின்பக்கத்தில் ஒளியைத் திருப்பித் தரும் சிவப்புப் பட்டை ஒட்டுங்கள். கணுக்காலிலும் ஒரு பட்டை கட்டிக்கொள்ளுங்கள். கால் ஏறி இறங்குவதைப் பார்த்ததும், போவது சைக்கிள் என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடும்.

கேள்வி (அடையாறு): விட்டுவிட்டு எரிவது நல்லதா, நிலையாக எரிவதா?

பதில்: இரவில் நிலையாக. மின்னும் விளக்கு கண்ணில் படும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது கடினம். பகலில் மின்னட்டும்.

கேள்வி (முடிச்சூர்): ஐப்பசி, கார்த்திகை மழைக்கு எது தாங்கும்?

பதில்: நீரை எவ்வளவு தாங்கும் என்பதை அட்டையில் ஐபிஎக்ஸ் என்ற எண்ணால் குறிப்பிடுவார்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். உங்கள் பக்கம் தண்ணீர் தேங்கும் என்பதால் ஐபிஎக்ஸ்7 விளக்கையே பாருங்கள். சார்ஜ் போடும் துளையின் ரப்பர் மூடியை அழுத்தி மூட மறந்தால் எந்த எண்ணும் காப்பாற்றாது. ஒரு நவம்பர் மழையில் என் விளக்கு அப்படித்தான் போனது. மூன்று கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

கேள்வி (பெரம்பூர்): அப்பாவின் சைக்கிளில் டயரை உரசி ஓடும் டைனமோ இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாக. பெரும்பாலும் அது 6 வோல்ட், 3 வாட் தரும். குண்டு பல்பை எடுத்துவிட்டு, டைனமோவுக்கென்றே செய்த எல்இடி விளக்கைப் பொருத்துங்கள். வெளிச்சம் பல மடங்கு கூடும். இரண்டு குறைகள் உண்டு. ஈர டயரில் உருளை வழுக்கும். சிக்னலில் நின்றால் விளக்கும் அணைந்துவிடும். ஆகவே பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றைப் பின்னால் தனியாக மாட்டிக்கொள்ளுங்கள்.