நாலு சீட் இருந்தால் நாலு பேர் போகலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். வெளிநாட்டிலிருந்து 1978 மாடல் செஸ்னா 172 என்ற சின்ன விமானம் ஒன்றை இறக்கித் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். நாலு சீட், பெரிய கார் விலைதான், எஞ்சின் 600 மணி நேரம்தான் ஓடியிருக்கிறதாம். பைலட் வைத்துக்கொண்டு கோவையிலிருந்து சென்னைக்குச் சாம்பிள் பெட்டிகளோடு போய்வரலாம் என்கிறார். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். புரோக்கர் காரைக் காட்டி விமானத்தை விற்கிறார்.

முதலில் எடை. அந்த மாடல் ஏறக்குறைய 1,040 கிலோவுக்கு மேல் கிளம்பக் கூடாது. வெறும் விமானமே 650 கிலோவை ஒட்டி வரும். டேங்க் நிரப்பினால் இன்னொரு 115 கிலோ. மிச்சம் 275 கிலோ. வாட்டசாட்டமான மூன்று பேர், ஆளுக்கொரு பை, அவ்வளவுதான். அதில் பைலட்டும் ஒருவர். பிக்கப்பில் நாலு பெட்டி கூடப் போட்டால் ஸ்பிரிங் பட்டை அமுங்கும், வண்டி போய்ச் சேர்ந்துவிடும். இங்கே அந்தச் சலுகை கிடையாது. சித்திரை வெயிலில் காற்றின் அடர்த்தி குறைந்துவிடும். கோவை ரன்வே வேறு கடல்மட்டத்துக்கு 400 மீட்டர் மேலே. ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும். மைலேஜும் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டரை ஒட்டித்தான்.

அடுத்தது அந்த 600 மணி நேரம். பெரிய பொறியே இதுதான். காரில் கிலோமீட்டர் குறைந்தால் நல்லது. விமானத்தில் அப்படியில்லை. இதிலுள்ள லைகமிங் கம்பெனி எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேலே இருக்கும். விமானம் மாதக்கணக்கில் நின்றால் எண்ணெய் வடிந்து அது துருப்பிடிக்கும். பிறகு ஓட்டும்போது தேய்ந்து, இரும்புத்தூள் எண்ணெயில் கலக்கும். எஞ்சினை முழுதாகப் பிரித்துச் சரிசெய்யும் ஓவர்ஹாலுக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, எது முந்துகிறதோ அது. புரோக்கர் முதல் பாதியை மட்டும் சொல்வார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1,500 மணி நேரம் ஓடியிருந்தாலும் வாராவாரம் பறந்து, நேரத்துக்கு எண்ணெய் மாற்றி, பறந்ததையும் பராமரித்ததையும் பதியும் லாக் புக்கைக் கடைசி மாதம்வரை விடாமல் எழுதியிருந்தால், நின்றுபோன எஞ்சினைவிட அதையே நம்பலாம். பயிற்சிப் பள்ளி விமானங்கள் பல இப்படித்தான். ஆனால் மாணவர்கள் முன்சக்கரத்தைத் தரையில் குத்தி இறக்கியிருப்பார்கள். எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டில் சுருக்கமோ புது ரிவெட்டோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

“சும்மா நிற்கும்போது வாடகைக்கு விடலாம்” என்று புரோக்கர் சொன்னால் அதுவும் ஏமாற்று. சொந்த உபயோகத்துக்குப் பதிவான விமானத்தில் காசு வாங்கி ஆள் ஏற்ற முடியாது.

அப்புறம் நம் அமைப்பு. இறக்குமதி அனுமதி, பதிவு, பறக்கும் தகுதிச் சான்று, ஆண்டுதோறும் அதற்கு ஆய்வு: எல்லாம் விமானத் துறையைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ வழியாகத்தான். எஞ்சின் குடிக்கும் ஏவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல் எல்லா விமான நிலையத்திலும் கிடைக்காது. இந்தியன் ஆயில் அதை உள்நாட்டிலேயே தயாரித்து வெளியிட்டது 2022-இல்தான். சின்ன விமானம் வைத்திருப்பவனை மதித்து ஒரு வசதி செய்ய இத்தனை வருடமா? எனக்கு ஆறவே இல்லை.

அப்படியும் ஆசை விடவில்லையென்றால் விமானம், எஞ்சின், புரொப்பல்லர் மூன்றின் லாக் புக்கையும் முழுதாகக் கேளுங்கள். நீங்களே சம்பளம் கொடுத்து அமர்த்தும் லைசென்ஸ் பெற்ற எஞ்சினியர் எண்ணெய் ஃபில்டரை அறுத்து இரும்புத்தூள் இருக்கிறதா என்று பார்க்கட்டும். புரோக்கர் அழைத்துவரும் ஆள் வேண்டாம். வரி, நிறுத்துமிட வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து எழுத்தில் வாங்கும்வரை பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.