குறைமாதக் குழந்தையும் கிருமித் தொற்றும்

கேள்வி: பனிக்குடம் முன்னதாகவே உடைந்து, காய்ச்சலும் கண்டு, என் மகளுக்கு 32 வாரத்தில் குழந்தை பிறந்தது. கருப்பையில் அழற்சி இருந்ததால் பேத்திக்கும் தொற்று வரலாம் என்கிறார் மருத்துவர். தாயின் அழற்சி குழந்தையை எவ்வாறு பாதிக்கும்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: பிறப்புறுப்பு வழியே மேலேறும் கிருமிகள் பனிக்குடச் சவ்வை அடையும்போது அங்கே அழற்சி உண்டாகிறது, அதில் சுரக்கும் வேதிப்பொருள்கள் சவ்வை நலியச் செய்து கருப்பையையும் சுருங்கத் தூண்டுவதால், 37 வாரம் நிறையுமுன்பே பிரசவம் நேர்ந்துவிடுகிறது. அதே கிருமிகள் பனிக்குட நீர் வழியாகக் குழந்தையையும் எட்டக்கூடும். தாயின் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியே பெருமளவில் சென்று சேர்வது கடைசி மூன்று மாதங்களில்தான் என்பதால், தங்கள் பேத்தி அந்தச் சீதனம் முழுதாகக் கைக்கு வருமுன்பே பிறந்திருக்கிறாள். அவளுடைய தோலும் மெல்லியது என்பதால் கிருமிகள் எளிதில் உட்புகும்.

அழற்சி கண்ட தாய்மார் அனைவரின் குழந்தைகளுக்கும் தொற்று வந்துவிடுவதில்லை. ஆயினும், ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் தொடங்கியிருந்தால் அதை மிகையென்று எண்ண வேண்டாம். பால் குடிக்க மறுத்தல், உடல் குளிர்தல் அல்லது சுடுதல், நிமிடத்திற்கு 60க்கு மேல் மூச்சு வாங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், இரவென்று பாராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாய்ப்பாலே போதும், சேனை (பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரை நீரோ தேனோ தடவும் வழக்கம்) தொட்டு வைக்க உறவினர் எவ்வளவு வற்புறுத்தினாலும் இடங்கொடுக்காதீர்கள். குழந்தையைத் தூக்குபவர் யாராயினும், தாங்கள் உட்பட, முதலில் சோப்பால் கைகழுவ வேண்டும்.